பிளாஸ்டிக் செங்கல்: தரைக்கு ஆகும், சுவருக்கு யோசிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாஸ்டிக் கழிவிலிருந்து கட்டடக் கல் செய்யும் முயற்சிகள் பற்றி அடிக்கடி செய்திகள் வருகின்றன. 'சுட்ட செங்கல்லைவிட வலிமை கூடுதல்', 'தண்ணீரே உறிஞ்சாது' என்ற இரண்டு வரிகள் அவற்றில் தவறாமல் இருக்கும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் அந்த இரண்டை மட்டும் நம்பி ஒருவர் பிளாஸ்டிக்கை உருக்க அடுப்பில் டிரம்மை ஏற்றினாலோ, வீட்டுச் சுவர் எழுப்பினாலோ விளைவு வேறாக இருக்கும். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: உருக்கிய பிளாஸ்டிக்கும் மணலும் சேர்ந்த கல், ஒழுங்காகச் செய்தால் நல்ல தரைக்கல். குடியிருக்கும் வீட்டின் சுமை தாங்கும் சுவருக்கு அது ஏற்றதல்ல. காரணங்களைச் செய்முறையோடு சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும் என்பதால் கடிதம் சற்று நீள்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'பிளாஸ்டிக் செங்கல்' என்ற ஒரே பெயரில் பல பொருள்கள் உலவுகின்றன. பாட்டிலுக்குள் உறைகளைத் திணித்துச் செய்வது ஈகோபிரிக். ஒரு மில்லிலிட்டர் கொள்ளளவுக்குக் குறைந்தது 0.33 கிராம் எடை என்பது அதற்கான அளவு. ஒரு லிட்டர் பாட்டில் 330 கிராமுக்குக் குறைந்தால் கையால் அமுக்கினாலே நசுங்கும். வெயில் படாதபடி மண்ணாலோ சிமெண்டுச் சாந்தாலோ முழுக்க மூடவும் வேண்டும். உருக்காமல் நீராவியும் அழுத்தமும் கொடுத்துக் கட்டியாக்கும் முறை இன்னொன்று. சிமெண்டுக் கல்லில் மணலுக்குப் பதிலாகக் கொஞ்சம் பிளாஸ்டிக் துகளைச் சேர்ப்பது மூன்றாவது. பிளாஸ்டிக்கின் வழவழப்பான மேற்பரப்பில் சிமெண்டு ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது. அதனால் மணலின் கன அளவில் 5 முதல் 10 சதவீதத்தைத் தாண்டினால் வலிமை இறங்குவது கண்கூடாகத் தெரியும். அந்தக் கல் எடை குறையும், வெப்பத்தைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். களிமண்ணில் பிளாஸ்டிக்கைக் கலந்து சூளையில் சுடுவதையும் சிலர் மறுசுழற்சி என்கிறார்கள். சூளையின் வெப்பம் 900, 1,000 டிகிரியைத் தொடும். பைகளும் கேன்களும் செய்யும் பாலிஎத்திலீன் 350 டிகிரிக்கு அருகிலேயே தானாகத் தீப்பிடிக்கும். வெளியே வரும் கல்லில் பிளாஸ்டிக் இருக்காது, அது இருந்த ஓட்டைதான் இருக்கும். அதற்குப் பெயர் எரிப்பு.

இனி நாங்கள் பேசப்போவது, பிளாஸ்டிக்கை உருக்கி மணலுக்குப் பசையாகப் பயன்படுத்தும் முறையைப் பற்றி மட்டுமே.

இந்த வேலையில் பாதி வெற்றி தரம் பிரிப்பதில் இருக்கிறது. பைகளும் பால் உறைகளும் பெரும்பாலும் எல்டிபிஇ, அதாவது அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் வகை. உருகுநிலை 105 முதல் 115 டிகிரி. ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன் போன்றவை எச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன். சுமார் 130 டிகிரி. நெய்த சாக்கு, கயிறு, பல மூடிகள் பாலிப்ரொப்பிலீன். 160 முதல் 165 டிகிரி. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் வகை உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டினால் என்ன ஆகும் என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது. 180 டிகிரியில் எல்டிபிஇ நன்றாக ஓடும், பெட் துண்டு உருகாமல் சில்லாகக் கல்லுக்குள் நிற்கும். பெட் உருகட்டும் என்று வெப்பத்தைக் கூட்டினால் எல்டிபிஇ கருகிப் புகையும். இரண்டையும் ஒரே வெப்பத்தில் கையாள வழியில்லை.

பிவிசி மட்டும் ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது. குழாய், மின்கம்பி உறை, விளம்பர ஃபிளெக்ஸ் துணி, சில மாத்திரை அட்டைகள் எல்லாம் பிவிசி. உருகி ஓடத் தொடங்கும் வெப்பத்திலேயே அது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும்; கண்ணும் தொண்டையும் எரியும், இரும்பு அச்சுகள் அரிக்கும். எரியவிட்டால் டயாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும். சந்தேகம் வந்தால், செம்புக் கம்பி நுனியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கின்மேல் தொட்டு, மறுபடி சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது என்று பொருள். ஒட்டும் துணுக்கே போதும். காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு துண்டையும் சோதிக்க முடியாதுதான். அதற்குத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, அடர்த்தி 0.90 முதல் 0.97 வரை. பெட்டுக்கு 1.38, பிவிசிக்கு வகையைப் பொறுத்து ஏறத்தாழ 1.1 முதல் 1.4 வரை, பாலிஸ்டைரீனுக்கு 1.05. துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தொட்டியில் கொட்டிக் கிளறினால் வேண்டியது மிதக்கும், வேண்டாதது மூழ்கும். சில சொட்டு சோப்புத் திரவம் விடாவிட்டால், காற்றுக் குமிழி ஒட்டிய பிவிசிச் செதில்களும் மிதந்து ஏமாற்றும். நுரைத்த தெர்மோகோல் எப்படியும் மிதக்கும் என்பதால் அதைக் கையால் முன்பே எடுத்துவிட வேண்டும். சிப்ஸ் உறை போன்ற பல அடுக்கு உறைகளில் அலுமினியப் பூச்சும் சில சமயம் பெட் அடுக்கும் உண்டு. சிறிதளவு கலந்தால் கெடுதலில்லை, நிரப்பியாகக் கிடக்கும். ஆனால் அதையே முதன்மைப் பொருளாக வைத்தால் கல் ஏடு ஏடாகப் பிரியும். மெலமைன் தட்டு, பேக்கலைட் சுவிட்சு போன்றவை எந்த வெப்பத்திலும் உருகாது, கருகும்.

கழுவிய பிளாஸ்டிக்கைச் சொட்டு ஈரமும் இல்லாமல் உலர்த்த வேண்டும். இதில் அவசரப்படுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1.7 லிட்டர் நீராவி. பையின் மடிப்புக்குள் தங்கிய ஈரம் சூடான கலவைக்குள் போனால் வெடித்துத் தெறிக்கும், அல்லது கல்லுக்குள் குமிழியாக உறையும். வெளியே பார்த்தால் தெரியாது, அறுத்தால்தான் தெரியும். உலர்ந்ததை 5 முதல் 10 மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் போதும். மெல்லிய பைத் துண்டுகள் பஞ்சு போலப் பறக்கும், துண்டாக்கும் ஷ்ரெட்டர் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும். அவற்றை முதலில் பைகளைத் திரட்டும் அக்ளோமரேட்டர் இயந்திரத்தில் இட்டுக் குருணையாக்கினால் எடை போடவும் எளிது, கலவையும் சீராகும்.

மணலைப் பற்றிப் பேசுவோர் குறைவு, ஆனால் கல்லின் எடையில் முக்கால் பங்கு அதுதான். 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த, களிமண்ணும் தூசும் இல்லாத மணல் வேண்டும். தூசு ஒவ்வொரு மணியையும் போர்த்திக்கொண்டால் பிளாஸ்டிக் தூசில் ஒட்டுமே தவிர மணலில் ஒட்டாது. கல்லின் முனைகள் விரலால் தேய்த்தாலே உதிரும். ஒரு கண்ணாடிக் குடுவையில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்து, மேலே படியும் வண்டல் அடுக்கின் உயரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மணலின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் கழுவ வேண்டும்.

விகிதத்துக்கு வருவோம். எடைக்கு எடை ஒரு பங்கு பிளாஸ்டிக், மூன்று பங்கு மணல் என்பது பரவலாகப் பயன்படும் கலவை. இது எங்கிருந்து வந்தது? குவித்து வைத்த மணலில் மணிகளுக்கு இடையேயான வெற்றிடம் கன அளவில் ஏறத்தாழ 40 சதவீதம். அந்த வெற்றிடத்தை நிரப்பும் அளவுக்காவது பிளாஸ்டிக் வேண்டும். 100 கிலோ கலவையில் 25 கிலோ எல்டிபிஇ என்றால் அது 27 லிட்டர். 75 கிலோ மணல் 28 லிட்டர். அதாவது எடையில் கால் பங்கு, இடத்தில் பாதி. வெற்றிடம் நிரம்பி மிச்சமும் இருக்கிறது, வார்ப்பது எளிது. 1:4 என்றால் பிளாஸ்டிக் 42 சதவீத இடம். சரியாக நிரம்பும் எல்லை. இங்கே மணிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் கல் விறைப்பாக இருக்கும், ஆனால் கலப்பதில் சிறு பிசகு நடந்தாலும் ஓட்டை விழும். 1:6-இல் பிளாஸ்டிக்கின் பங்கு 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெற்றிடம் நிரம்பாது, கல் உடையும், தண்ணீரும் உறிஞ்சும். 'அதிகக் கழிவைப் பயன்படுத்துகிறோம்' என்று 1:1-க்குப் போகிறவர்களும் உண்டு. அந்தக் கல்லில் மணல் வெறும் பெயருக்குத்தான், வெயிலில் வளையும். எங்களைக் கேட்டால் நல்ல அழுத்தும் இயந்திரம் (பிரஸ்) இருப்பவர்கள் 1:4-க்கு முயல்வதே நல்லது.

அடுத்தது சூடாக்கும் வரிசை. பிளாஸ்டிக்கை டிரம்மில் உருக்கி, அதில் மணலைக் கொட்டிக் கிளறுவதைத்தான் பல காணொளிகளில் பார்க்கிறோம். அது தலைகீழ். அறை வெப்பத்தில் உள்ள 3 கிலோ மணலை 180 டிகிரியில் உள்ள 1 கிலோ பிளாஸ்டிக்கில் போட்டால், இரண்டின் வெப்பக் கொள்ளளவையும் வைத்துக் கணக்கிட்டால் கலவை 105, 110 டிகிரிக்குச் சரிந்துவிடும். அது எல்டிபிஇ உறையத் தொடங்கும் இடம். மணியைத் தொட்ட கணமே பிளாஸ்டிக் இறுகும், உருண்டை உருண்டையாகத் திரளும். அதைச் சரிக்கட்ட அடுப்பைத் தூண்டுவார்கள், டிரம்மின் அடிப்பகுதி 300 டிகிரியைத் தாண்டும், புகை கிளம்பும். மாறாக, மணலை முதலில் 180, 190 டிகிரிக்குச் சூடாக்கி, ஓயாமல் புரட்டியபடி பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால், மணலின் வெப்பத்திலேயே அது உருகி ஒவ்வொரு மணியையும் போர்த்தும். பிளாஸ்டிக் சேரச் சேர வெப்பம் இறங்கும் என்பதால் அடுப்பை அணைக்காமல், 170-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் சாலைகளில் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் கையாண்டதும் இதே வரிசைதான்: சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக்கைத் தூவி, ஜல்லிக்கு மேலுறையாக்கி, அதன் பிறகே தார்.

எல்டிபிஇ, எச்டிபிஇ கலவைக்கு 170 முதல் 200 டிகிரி. பாலிப்ரொப்பிலீன் கணிசமாக இருந்தால் 190 முதல் 210. எக்காரணம் கொண்டும் 230-ஐத் தாண்ட வேண்டாம். தெர்மோகப்பிள் என்ற வெப்பம் அளக்கும் கம்பியைக் கலவைக்குள் செருகித்தான் அளக்க வேண்டும். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டும் பார்க்கும், நடுவே புகை வந்தால் அதுவும் பொய் சொல்லும். கருவி எதுவும் காட்டாவிட்டாலும் மூக்கும் கண்ணும் காட்டிக்கொடுக்கும்: வெண்புகை எழுந்து காரமான நெடி அடித்தால் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தப் புகையில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின், கார்பன் மோனாக்சைடு ஆகியவை உண்டு. துணி முகக்கவசமும் தூசு முகக்கவசமும் வாயுவைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி (கேட்ரிட்ஜ்) பொருத்திய கவசமும், கலவைக்கலத்தின் மேல் புகைபோக்கிக் கூண்டும் விசிறியும் வேண்டும். விறகு நேரடியாகத் தொடாத மறைமுக வெப்பம், அதாவது மின்சூடேற்றி அல்லது வெப்ப எண்ணெய் உறை, இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். திருகு எக்ஸ்ட்ரூடர், அதாவது சூடான உறைக்குள் திருகு சுழன்று பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரம், இருப்பவர்களுக்குக் கவலை குறைவு. ஆனால் மணல் அதன் திருகையும் உறையையும் அரிக்கும், தேய்மானத்தைக் கணக்கில் வைக்க வேண்டும்.

உருகிய பிளாஸ்டிக் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீராவி வெடித்து எரியும் திரவத்தை நாலாபுறமும் வீசும். மூடியால் மூட வேண்டும், அல்லது உலர்ந்த மணலைக் கொட்ட வேண்டும். வேலை செய்வோர் பருத்தி உடையும் தோல் கையுறையும் அணிய வேண்டும். பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். கலவை கையில் பட்டால் அதைப் பிய்க்காமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும்.

எரிபொருள் எவ்வளவு ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. 200 x 100 x 60 மில்லிமீட்டர் அளவில் ஒரு சதுர மீட்டருக்கு 50 கல். 1:3 கலவையின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிலோ, ஒரு கல் 2.1 கிலோவுக்குச் சற்று மேல், அதில் பிளாஸ்டிக் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். ஆக, ஒரு சதுர மீட்டருக்கு 27 கிலோ. 5 கிராம் எடையுள்ள பை என்றால் 5,000-க்கும் மேல். அவ்வளவையும் மணலோடு சூடாக்கக் கணக்குப்படி 6 யூனிட் மின்சாரம் போதும். நடைமுறையில் கலத்தின் சுவர் வழியாக வெப்பம் வீணாவதைச் சேர்த்தால் இரண்டு மூன்று மடங்கு ஆகும். கலத்தைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளியோ ராக்வூலோ போர்த்துவது மலிவான, ஆனால் பலரும் செய்யாத வேலை.

அச்சு 5, 6 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில், கல் எளிதில் வெளிவர ஓரிரு டிகிரி சரிவோடு இருக்க வேண்டும். அச்சைச் சூடாக்காமல் ஊற்றினால் முகம் முழுக்கத் தேன்கூடு போலத் துளை விழும்; 60, 80 டிகிரி போதும். உள்ளே தடவச் சிலிகோன் எண்ணெய் அல்லது தாவர எண்ணெய். பழைய எஞ்சின் ஆயிலில் உலோகத் துகளும் வேண்டாத சேர்மங்களும் இருப்பதால் தவிர்க்க வேண்டும். 200 x 100 முகத்துக்கு 10 டன் ஹைட்ராலிக் ஜாக் கொடுத்தால் ஏறத்தாழ 5 மெகாபாஸ்கல் அழுத்தம் (ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்துவது), அது தாராளம்.

அழுத்துவதைவிட, அழுத்தியே வைத்திருப்பதுதான் முக்கியம். உருகிய எல்டிபிஇ உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 15 சதவீதம் சுருங்கும். வெளித்தோல் முதலில் இறுகும், நடுப்பகுதி கடைசியில். அது சுருங்கும்போது இழுக்க இடமில்லாமல் நடுவில் குழி விழும், அல்லது மேல்முகம் உள்வாங்கும். கல்லின் வெப்பம் 60, 70 டிகிரிக்கு இறங்கும்வரை அழுத்தத்தை விடக் கூடாது. உற்பத்தி வேகத்துக்காகச் சுடச்சுட எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவது பழக்கமாக இருக்கிறது. தோல் சட்டென்று இறுகி உள்ளே ஓட்டை விழுவதோடு, ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்தால் கல் வில்லாக வளையும். குளிர்வேகம் வேண்டுமானால் அச்சைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை வைக்கலாம். தடிப்பையும் கவனிக்க வேண்டும்: குளிரும் நேரம் தடிப்பின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 60 மில்லிமீட்டர் கல்லுக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டேகால் மடங்கு நேரம் 90 மில்லிமீட்டர் கல்லுக்கு வேண்டும். தரைக்கல் செய்வது செங்கல் செய்வதைவிட லாபகரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வலிமை. சோதனைச்சாலையில் அமுக்கிப் பார்த்தால் இந்தக் கல் சாதாரணச் செங்கல்லை வெல்வது உண்மையே. ஆனால் செங்கல் ஒரு கட்டத்தில் பட்டென்று உடையும். பிளாஸ்டிக் கல் உடையாமல் பிதுங்கிக்கொண்டே போகும், இயந்திரம் காட்டும் எண்ணும் ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு சதவீதம் அமுங்கியபோது எடுத்த எண் என்று சொல்லாத சோதனைச் சான்றிதழுக்கு மதிப்பு குறைவு. எத்தனை டிகிரியில் சோதித்தார்கள் என்பதும் வேண்டும். 25 டிகிரியில் விறைப்பாக இருக்கும் எல்டிபிஇ 60 டிகிரியில் தன் விறைப்பில் பெரும்பகுதியை இழக்கும். கடும் வெயிலில் கருநிற மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம்.

இவற்றைவிட முக்கியமானது, பொறியாளர்கள் 'க்ரீப்' என்று சொல்லும் மெல்லத் தொய்யும் குணம். மாறாத சுமையின் கீழ் பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். குடிநீர்க் குழாய்க்கு என்றே தயாராகும் பிஇ 100 வகை எச்டிபிஇயை எடுத்துக்கொள்வோம். உடனடிச் சோதனையில் அது 20 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். ஆனால் 20 டிகிரியில் 50 ஆண்டு தாங்க வேண்டும் என்றால் 10 மெகாபாஸ்கல்தான். பெயரில் உள்ள 100 அதைத்தான் குறிக்கிறது. பாதுகாப்புக் காரணியைச் சேர்த்து 8 என்று எடுப்பார்கள். 40 டிகிரிக்கு அது ஏறத்தாழ 6. தரம் கட்டுப்படுத்திச் செய்த புதுப் பிளாஸ்டிக்குக்கே வலிமையை இவ்வளவு குறைத்து எடுக்க வேண்டும் என்றால், பைகளும் கேன்களும் கலந்த பழையதுக்கு எவ்வளவு கழிப்பது? ஒரு மாடி வீட்டின் சுவரில் விழும் அழுத்தம் பெரும்பாலும் 1 மெகாபாஸ்கலுக்குக் கீழேதான், அதனால் நாளையே சரியும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் உத்தரம் உட்காரும் இடத்திலும் மட்டமில்லாத இணைப்பிலும் அழுத்தம் ஒரு புள்ளியில் குவியும். 1:3 கலவையில் மணிகள் ஒன்றையொன்று தாங்காமல் பிளாஸ்டிக்கில் மிதப்பதால், சுமை முழுவதும் பிளாஸ்டிக்கின் மேல்தான். வெயில் விழும் மேற்குச் சுவரில் இருபது ஆண்டுகளில் எவ்வளவு தொய்யும் என்பதை ஏழு நாள் சோதனை சொல்லாது. 50 டிகிரி அறையில், உடைக்கும் சுமையில் மூன்றில் ஒரு பங்கை ஏற்றி, மாதக்கணக்கில் உயரத்தை அளந்தால்தான் ஓரளவு ஊகிக்க முடியும்.

தீ இன்னும் பெரிய கேள்வி. செங்கல் ஏற்கெனவே தீயில் வெந்தது. மறுபடி எரிய அதில் ஒன்றுமில்லை. பாலிஎத்திலீனின் எரிவெப்பம் கிலோவுக்கு 43 முதல் 46 மெகாஜூல், டீசலுக்குச் சமம். 90 மில்லிமீட்டர் தடிப்பில் 10 சதுர மீட்டர் சுவர், 1:3 கலவையில், சுமார் 400 கிலோ பிளாஸ்டிக்கைக் கொண்டிருக்கும். ஒரே அறையின் ஒரே சுவர்! மணல் பற்றுவதைத் தாமதப்படுத்தும், உண்மைதான். ஆனால் பற்றிய பிறகு கல் உருகி விழும், சுவர் நிற்காது. தீத்தடுப்புப் பொருள் சேர்க்கலாமே என்பார்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு பாலிஎத்திலீனில் உருப்படியாக வேலை செய்ய, பிளாஸ்டிக்கின் எடைக்கு ஈடாகவோ மேலாகவோ வேண்டும். அதுவும் 200 டிகிரியை நெருங்கும்போதே சிதையத் தொடங்குவதால் கலக்கும்போதே வீணாகும் அபாயம் உண்டு. மக்னீசியம் ஹைட்ராக்சைடு 300 டிகிரி வரை தாங்கும். மேற்கு ஆப்பிரிக்க நாடான கோட் டிவோரில் யுனிசெஃப் உதவியோடு பிளாஸ்டிக் கல்லில் வகுப்பறைகள் கட்டியிருக்கிறார்களே என்று கேட்கலாம். அது கொலம்பியாவின் கான்செப்டோஸ் பிளாஸ்டிகோஸ் நிறுவனத்தின் முறை: தொழிற்சாலையில் இயந்திரத்தில் வார்த்து, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கல், தீயைத் தாமதப்படுத்தும் வகையில் தயாரித்தது. டிரம்மில் கிளறிய கல்லுக்கு அதை உதாரணம் காட்ட முடியாது. மாறாக, கென்யாவின் நைரோபியில் ந்ஸாம்பி மாடீ தொடங்கிய கெஞ்சே மேக்கர்ஸ் நிறுவனம் பேவர் பிளாக்கில், அதாவது தரைக்கல்லில்தான், பெயர் எடுத்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-இல் அவரைப் பூமியின் இளம் சாதனையாளராகத் தேர்ந்தெடுத்ததும் அந்தப் பணிக்காகவே.

சுவருக்கு வேறு சில தொல்லைகளும் உண்டு. சிமெண்டுச் சாந்து இந்தக் கல்லில் ஒட்டாது. பூச்சு தட்டினால் பொத்தென்று விழும். பள்ளம் மேடு வைத்து வார்க்க வேண்டும், அல்லது கம்பி வலை அடித்துப் பூச வேண்டும். பாலிஎத்திலீன் வெப்பத்தில் விரிவது சுட்ட செங்கல்லைப் போல இருபது மடங்குக்கு மேல். மணல் சேர்வதால் அது குறைந்தாலும், நீண்ட சுவரில் இடைவெளி விடாவிட்டால் பூச்சு வெடிப்பது உறுதி.

தரைக்கல்லுக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. புற ஊதாக் கதிர் மேற்பரப்பை வெளிறச் செய்து நொறுக்கும். கருங்குழாய்களில் சேர்ப்பது போலப் பிளாஸ்டிக்கின் எடையில் 2, 2.5 சதவீதம் கார்பன் பிளாக் கலந்தால் பல ஆண்டு தாங்கும், ஆனால் கருப்பு அதிகம் சூடாகும். நடக்க நடக்கத் தேய்ந்து நுண்பிளாஸ்டிக் மண்ணில் சேரும். இதை முழுதாகத் தடுக்க முடியாது. அச்சின் அடியில் முதலில் கூர்முனை மணிகள் கொண்ட மணலை ஒரு அடுக்குப் பரப்பிவிட்டு வார்த்தால், மிதிபடும் முகத்தில் மணலே மேலே நிற்கும், ஈரத்தில் வழுக்குவதும் குறையும். நடைபாதை, பூங்கா, இருசக்கர வாகனம் நிறுத்துமிடம், செடிப் பாத்தி விளிம்பு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். கனரக வாகனம் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும் இடத்துக்குப் பொருந்தாது. வெயிலில் டயர் பள்ளம் விழும். கிணறு, குடிநீர்த் தொட்டி அருகிலும் வேண்டாம்.

எந்தக் கழிவை இதற்குக் கொடுப்பது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். சுத்தமான பெட் பாட்டிலும் எச்டிபிஇ கேனும் மறுபடி பாட்டிலாகவும் குழாயாகவும் ஆகக்கூடியவை. அவற்றை வாங்க ஆள் உண்டு. மணலோடு கலந்த பிறகு அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது. உடைந்த கல்லை நொறுக்கி மறுபடி கல்லாக்கலாம், வேறொன்றாக்க முடியாது. எனவே வாங்க ஆளில்லாத பைகளும் உறைகளும்தான் இதற்குச் சரியான தீனி. நல்ல கேன்களை வாங்கிக் கல்லாக்கும் தொழிற்சாலை கழிவைக் குறைக்கவில்லை.

கல் வாங்குவோர் கருவி இல்லாமலே சில சோதனைகள் செய்யலாம். எடை போடுங்கள்: 200 x 100 x 60 அளவில், 1:3 கலவை என்று சொல்லி விற்ற கல் 1.9 கிலோவுக்குக் குறைந்தால் உள்ளே பத்தில் ஒரு பங்குக்கு மேல் காற்று. ஒரு கல்லை நடுவில் அறுத்துப் பாருங்கள். பட்டாணி அளவுக் குழிகளோ உருகாத பைத் துணுக்குகளோ தெரிந்தால் அந்தத் தொகுதியை வாங்காதீர்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறமும் காரமான கருகல் நெடியும் இருந்தால் அதிக வெப்பத்தில் கெட்டது. இரு முனையிலும் தாங்கல் கொடுத்து, நடுவில் 20 கிலோ எடை வைத்து, உச்சி வெயிலில் ஒரு நாள் விட்டுவிட்டு அடியில் நேர்கோலை வைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அந்தக் கல் தோட்ட விளிம்புக்கு மட்டுமே.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, எந்த வகைப் பிளாஸ்டிக், கலவை விகிதம் என்ன, எத்தனை டிகிரியில் கலக்கிறார்கள், புகை எங்கே போகிறது, 60 டிகிரியில் அமுக்குவலிமை எவ்வளவு, தீச்சோதனை நடந்ததா என்ற ஆறு கேள்விகளையும் செய்தியாளர் கேட்டு, கிடைத்த பதில்களைச் செய்தியோடு சேர்த்து வெளியிட்டால் நல்லது. பதில் கிடைக்காத கேள்விகளையும் அப்படியே குறிப்பிடலாம்.

இப்படிக்கு,
கட்டடப் பொருள்களின் தரச் சோதனையில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்